பிரசவ அறையில் எனக்கு நடந்தது

பெரம்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் கலைமணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இதை எழுதுகிற நேரம் வரைக்கும் நல்ல சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். எழுதுகிற நேரம் வரைக்கும் என்று சொன்னதைப் பார்த்துப் பதறாதே கண்ணு. இப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன், என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். ஆனால் நடுவில் ஒன்று நடந்தது, அதை உன்னிடம் மறைத்துவிட்டோம். ஐப்பசி மழையில் நெட்வொர்க் எடுக்கவில்லை, வீடியோ வராது என்று உன் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னாரே, அது பொய். அந்த நாட்களில் நான் திருச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். உனக்குக் கனடாவில் பல் டாக்டர் லைசன்ஸ் பரீட்சை நெருங்கியிருந்தது, அது முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பரீட்சை முடிந்துவிட்டது, இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. போனில் சொன்னால் முதல் வார்த்தையிலேயே நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அப்பா உனக்கு அனுப்புவார். கடைசி வரை படித்துவிட்டுக் கூப்பிடு, நடுவில் கூப்பிடாதே.

அன்றைக்கு எனக்குக் காலை டூட்டி. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில் சுகன்யா என்று ஒரு பெண், தலைப்பிரசவம். உடையார்பாளையத்தில் பிறந்தவள், தாய் இல்லை, முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் வேலை பார்க்கிற அப்பா மட்டும்தான். அதனால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகாமல் மாமியார் பாப்பாயியே எங்களிடம் கூட்டிவந்திருந்தார். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நானும், ஆஸ்பத்திரிப் பணியாளர் பொன்னாயியும். பொன்னாயியை உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது உனக்காக முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தனுப்புவாளே, அவள்தான். வலி நன்றாகக் கூடி, குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் முக்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்குக் கிழிந்துவிடும். முக்காதே, வாயால் மூச்சு விடு என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது. அது சொல்லே இல்லை, குழறல், என் காதிலேயே விழுந்தது. யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு நொடி எனக்கே புரியவில்லை. குழந்தையின் தலைக்குக் கீழே வலது கையைக் கொடுத்திருந்தேன், அது என் கையாக இல்லை. க்ளவுஸுக்குள் ஈர மணலைக் கொட்டிக் கட்டின மாதிரி கனத்தது. விரலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. நான் தயாராகிற வரைக்கும் குழந்தை காத்திருக்குமா. தோள் திரும்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது கையால் பிடித்தேன், பாதிப் பிடிதான் கிடைத்தது. சுகன்யாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த பொன்னாயி என் முகத்தைப் பார்த்தாளோ கையைப் பார்த்தாளோ, காலை விட்டுவிட்டு அப்படியே குனிந்து என் கைக்குக் கீழே தன் இரண்டு கையையும் ஏந்திவிட்டாள். குழந்தை அவள் கையில்தான் வந்து விழுந்தது. விழுந்த உடனே வீறிட்டு அழுதது. கீழே சிமெண்ட் தரை கலை.

சுகன்யா தலையைத் தூக்கி என்ன பிள்ளை என்று கேட்டாள். பெண் பிள்ளை, கைகால் எல்லாம் சரியாக இருக்கிறது, நிறம் வந்துவிட்டது, எல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு சொல் நாக்குக்கு வரமாட்டேன் என்கிறது. மறந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது, சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. நான் குழந்தையையே பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் சிஸ்டர் பேசாம நிக்கிறீங்க, எம் புள்ளைக்கு என்ன" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். பிரசவம் பார்த்தவள் குழந்தையைப் பார்த்து வாயடைத்து நின்றால் பெற்றவள் என்ன நினைப்பாள் சொல். பொன்னாயிதான் பொம்பளப் பிள்ளை, நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லை என்று சத்தமாகச் சொன்னாள். அதற்குள் அழுகைச் சத்தம் கேட்டுப் பாப்பாயி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டார். ஒரு பேச்சில்லாமல், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, குழந்தையையே வெறித்தபடி நான் நிற்பதை அவர் பார்த்தார். அந்தப் பார்வை பிற்பாடு எவ்வளவு தூரம் போனது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

பக்கத்து அறையிலிருந்த இன்னொரு நர்ஸ் ஓடிவந்து தொப்புள்கொடி வெட்டி மற்றதைப் பார்த்தாள். நஞ்சுக்கொடி விழுவதற்குள் எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கையும் வந்துவிட்டது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. அதுதான் இந்த நோயின் பெரிய சூது, வந்த தடமே இல்லாமல் போய்விடுகிறது. டாக்டர் முத்தமிழ் வந்தார், போன வருஷம் வேலையில் சேர்ந்த சின்னப் பெண், பொறுப்பானவர். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தூக்கினேன். என் பேரையும் ஊரையும் சொல்லச் சொன்னார், சொன்னேன். இது மினி ஸ்ட்ரோக் சிஸ்டர், இப்போது போய்விட்டது என்று விட முடியாது, உடனே 108-இல் ஏறுங்கள் என்றார். நான் காலையில் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு, வாய் கோணினால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காதே, பாட்டி வைத்தியம் பார்க்காதே, கிளம்பு என்று கத்தியிருக்கிறேன். எனக்கு வந்தபோது, நேற்றுவரை நான் ஆள் ஏற்றி அனுப்பிய ஆம்புலன்ஸில் நானே படுத்துக்கொண்டு போவதா என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுதுகிறேன், பயம் என்றுதான் எழுத வேண்டும். டாக்டரை யாரோ அவசரமாக வெளிநோயாளிகள் பக்கம் கூப்பிட்டார்கள். உடனே திரும்பி வருகிறேன், அசையாமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அப்பாவோடு திருச்சிக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொன்னாயி பின்னாலேயே வந்தாள். வேலையை விட்டுவிட்டு எங்கே வருகிறாய் என்று திட்டினேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். நீங்க எங்க போனாலும் நான் கூட வரேன், அவ்வளவுதான்" என்றாள். திட்டத் திட்ட அதே பதில்.

அரியலூரிலிருந்து வந்த பஸ், உட்கார இடம் கிடைத்தது. பேரளி தாண்டியிருப்போம், கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். பெரம்பலூர் என்று சொல்ல வேண்டும். நான் பிறந்த ஊர், உன்னைப் பெற்ற ஊர். வரவில்லை. பெ என்ற எழுத்தோடு உதடு ஒட்டிக்கொண்டது. அவர் சத்தமாகத் திரும்பக் கேட்டார். பிறகு எனக்குக் காது கேட்காது, வாய் பேச வராது என்று நினைத்துக்கொண்டு கையால் சைகை காட்டிக் கேட்டார். இந்தத் தடவை கையோடு நிற்கவில்லை, வலது காலும் போய்விட்டது, சீட்டிலிருந்து சரிந்தேன். அப்போது எனக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமா, வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் வந்துவிட்டேனோ என்று. அதற்குப் பிறகுதான் நீ நினைவுக்கு வந்தாய். ராத்திரி அவள் கூப்பிடுவாளே, என்ன சொல்லிப் பேசுவேன் என்று நினைத்தேன். பொன்னாயி எழுந்து நின்று, "அண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடுங்க, இவங்க நர்சம்மா" என்றாள். டிரைவர் அதற்குப் பிறகு ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை கலை. முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா தன் மடியில் என் தலையை வாங்கிக்கொண்டு புடவைத் தலைப்பால் என் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கேயே பேச்சு மறுபடி வந்துவிட்டது. அப்பாவுக்கு டாக்டர் முத்தமிழ் விடாமல் போன் அடித்திருக்கிறார், மோட்டார் ரிப்பேர் கடையில் மோட்டார் ஓடின சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதும் அப்படியே வந்திருக்கிறார், கையெல்லாம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற வார்னிஷ், காலில் செருப்பு இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தக் கம்பி ஆடியது. அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லாம் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார்கள். என் இதயத் துடிப்பு தாளம் தவறித் தவறி அடிக்கிறதாம், எனக்கே தெரியாமல் எத்தனை நாளாக அப்படியோ. அப்படி அடிக்கும்போது உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்து, பிறகு தானாகக் கரைந்துவிட்டது. மூளையில் தழும்பு எதுவும் விழவில்லை. இரண்டு தடவை கரைந்தது, மூன்றாவது தடவை கரையாமல் போகலாம், பஸ்ஸில் வந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் தனியாக இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று அந்தப் பெரிய டாக்டர் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆயுசுக்கும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கத்தி, அரிவாள்மனையிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், வெட்டிக்கொண்டால் ரத்தம் லேசில் நிற்காது. இப்போது காய் நறுக்குவது அப்பாதான். வெண்டைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்குகிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சு இருக்கிறதா போய்விட்டதா என்று அவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சந்தேகம். என் பேரைச் சொல்லு, என் பேரைச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது, ஆபீஸில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். அந்த வார்டில் எல்லார் முன்னாலும் இளையபெருமாள், இளையபெருமாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பக்கத்துக் கட்டில் அம்மா முதலில் சிரித்தார், பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் பேச்சின் நடுவில் யோசிக்க ஒரு நொடி நின்றால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்கிறார். நானும் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் மட்டும் என்ன. பாத்திரம் துலக்கும்போது டம்ளர், கரண்டி, சல்லடை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே கழுவுகிறேன். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளை முணுமுணுவென்று வாசித்துக்கொண்டு போகிறேன். தூங்கப் போகும்போது காலையில் வாய் திறந்தால் சொல் வருமா என்ற நினைப்போடுதான் கண்ணை மூடுகிறேன். உடம்பில் ஒரு தழும்பும் இல்லை, பார்க்கிறவர்கள் உனக்கென்ன நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள். தழும்பு இருந்தால்கூடத் தேவலை என்று சில நேரம் தோன்றும், தொட்டுப் பார்த்து இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

லீவு முடிந்து மார்கழியில் வேலைக்குப் போனேன். பிரசவ அறைக்குள் இப்போதைக்கு வேண்டாம், பிரஷர் சர்க்கரை பார்க்கிற பக்கமும் தடுப்பூசியும் பாருங்கள், கொஞ்ச மாதம் ஒன்றும் வராமல் இருந்து திருச்சி டாக்டரும் சரி என்றால், கூட ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வரலாம் என்று டாக்டர் முத்தமிழ் சொன்னார். எனக்கு என்ன வந்தது என்பது அவருக்கும் பொன்னாயிக்கும் கூட வேலை பார்க்கிற ஓரிருவருக்கும் மட்டும்தான் தெரியும். கேட்கிற ஜனங்களுக்குத் தலைசுற்றல் என்று சொல்லியிருந்தோம், அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். நர்சுக்கு வாதம் வந்தது என்று ஒரு தடவை ஊருக்குள் போய்விட்டால் எந்தப் பெண்ணும் பிரசவத்துக்கு என்னை நம்பிப் படுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் ஊசி மருந்து எடுக்கும்போது வலது கைச் சுண்டுவிரல் கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருந்தது. நோயா, பயமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. சொன்னால் அந்த அறைக்கதவு ஒரேயடியாக மூடிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான், சுகன்யாவின் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி நாள் தாண்டியும் வரவில்லையே என்று கேட்டேன். பொன்னாயி முதலில் சொல்லத் தயங்கினாள், விடாமல் கேட்ட பிறகு சொன்னாள். சுகன்யாவையும் குழந்தையையும் உடையார்பாளையத்துக்கு அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், திரும்பக் கூட்டிவருகிற பேச்சே இல்லையாம். குழந்தை பிறந்த அதே வாரம் அவள் புருஷன் பிரேம்குமார் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு தட்டும்போது கீழே விழுந்து கால் முறிந்துவிட்டது. அதையும் இதையும் சேர்த்துப் பாப்பாயி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நர்சுக்கே வாய் அடைத்துப்போய்விட்டது, அடுத்தது தகப்பன் கால் போய்விட்டது, இன்னும் யாரை வாங்கப் போகிறதோ என்று. கலை, அதைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் மூளையில் அடைத்த ஒரு துணுக்கு ரத்தத்தைப் பிறந்து கண் விழிக்காத ஒரு சிசுவின் தலையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் தலைசுற்றல் என்று சொன்ன பொய்தான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. வெறும் தலைசுற்றலுக்கு யாராவது ஊமையாகி நிற்பார்களா என்று கேட்டால் என்ன சொல்வது.

டாக்டர் முத்தமிழ் தானே போய்ப் பேசுகிறேன் என்றார். அப்பா நீ போகவே வேண்டாம், மனசுக்கு அலைச்சல் கூடாது என்றார். ஆனால் அன்று பாப்பாயி பார்த்தது என்னை, டாக்டரை இல்லை. என் வாயால் சொன்னால்தான் நம்புவார். பொன்னாயியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார் பாப்பாயி. என்னைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் பிரேம்குமார் மாவுக்கட்டோடு கிடந்தான். நர்சம்மா வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். தனியாகப் பேசலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கூட்டத்தில் பரவிய பேச்சைத் தனியாகச் சொல்லி என்ன பயன், அங்கேயே சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தலைசுற்றல் என்று சொன்னது பொய், எனக்கு வந்தது வாதம், மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது, அதனால் கை விழுந்தது, பேச்சு நின்றது, திருச்சியில் படுத்து வைத்தியம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போது என் வாய் ஒழுங்காக இருக்கிறதா என்று எனக்கே கவனம் போய்க்கொண்டிருந்தது. பாப்பாயி சோளத்தைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "அது ஏன் அந்தப் புள்ளயப் பாத்த நேரத்துல வரணும்" என்று கேட்டார். "பஸ்ஸுலயும் ஒரு தடவ வந்துச்சும்மா. கண்டக்டர் ஊர் கேட்டாரு, சொல்ல முடியல, கீழ சாஞ்சிட்டேன். அங்க எந்தப் புள்ளயும் இல்ல. பொன்னாயி சாட்சி, பஸ்ஸுல இருந்த சனம் சாட்சி" என்றேன்.

அவர் கால் நின்றது. பிறகு நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டார். "அப்ப அப்புடிப்பட்ட கையிலயா எங்க மருமவள வுட்டோம்." அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் மாசமாக இருந்தாள், எங்களிடம்தான் கர்ப்ப அட்டை போட்டிருப்பாள், அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அதைப் பார்த்தேன் கலை. உன் அம்மா வாங்கின சம்பளம், பட்டம் எதுவும் எனக்குப் பெரிசில்லை, இந்தச் சுற்று வட்டாரத்தில் வெற்றிச்செல்வி சிஸ்டர் இருக்கிறார் என்றால் பயமில்லாமல் வருவார்கள், அதுதான் என் சொத்து. அது என் கண் முன்னால் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. சுண்டுவிரல் மரத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் பின்னால் போனது சரிதான் என்று எனக்கு உள்ளே தெரிந்தது. "அன்னிக்கு எனக்கே தெரியாது. இனிமே நான் பிரசவம் பாக்கப் போறதில்ல. ஆனா அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. கொற என் உடம்புல" என்று சொன்னேன். அதுவரைக்கும் அப்படி ஒரு முடிவை நான் எடுத்திருக்கவில்லை, வாயிலிருந்து வந்த பிறகுதான் எடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. உள்ளேயிருந்து பிரேம்குமார் கூப்பிட்டான். "அம்மா, நீ போயி அவளக் கூட்டியா. இல்லன்னா இந்தக் கட்டோட நானே பஸ் ஏறுவேன்" என்றான். பாப்பாயி மறுபடி சோளத்தைத் தள்ள ஆரம்பித்தார். ஒரு வாய் தண்ணீர் கேட்காமல் கிளம்பிவிட்டோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது வலது கை விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே டாக்டர் முத்தமிழிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் மரத்ததையும் சேர்த்து. கோபித்துக்கொண்டார், கோபத்தோடேயே திருச்சிக்கு அனுப்பினார். மறுபடி பார்த்ததில் புதிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றார்கள். பிரசவ அறைக்கு இனி நான் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. சிலர் ஊசிக்குக்கூட வேறு நர்ஸ் இல்லையா என்று கேட்கிறார்கள், பக்கத்து நர்ஸிடம் போகச் சொல்கிறேன். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிற என் கை தானாக நின்றுவிடுகிறது. அது சீக்கிரம் பழகாது, விடு.

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், கூட்டம். நிமிர்ந்து பார்த்தால் பாப்பாயி, கையில் குழந்தை, பின்னால் சுகன்யா. உடையார்பாளையத்துக்கு அவரே போய்க் கூட்டிவந்திருக்கிறார். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் இன்னொரு நர்சும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், அங்கே வரிசையும் குறைவு. அவர் என் முன்னால் உட்கார்ந்தார். "கை இப்ப ஒழுங்கா இருக்கா" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நம்பாமல் என் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு குழந்தையின் துணியை விலக்கித் தொடையைக் காட்டினார். போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் கண் என் விரலை விட்டு நகரவில்லை. குழந்தை ஓங்கி அழுதது. பேர் வைத்தாயிற்றா என்று சுகன்யாவிடம் கேட்டேன், நிகழினி என்றாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாப்பாயிதான் கேட்டுக்கொண்டார். போகும்போதும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இவ்வளவுதான் நடந்தது கலை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், எதையும் குறைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. வேலையை விடு, கனடாவுக்கு வந்து என்னோடு இரு என்றும் சொல்லாதே, அதை இப்போது கேட்க எனக்கு மனசில்லை. ரிசல்ட் வந்த பிறகு, சித்திரையில் வர முடிந்தால் வா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. போனில் பேசும்போது நான் ஒரு நொடி பேசாமல் நின்றால் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள், உன் அப்பா மாதிரி பதறாதே. அப்பாவிடம் நீ கோபப்படக் கூடாது, உன்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் சாப்பிடாமல்தான் படுத்தார். நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் காதை மூடாமல் போகாதே, நெஞ்சு படபடவென்று அடித்தால் பரீட்சை பயம் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை காட்டிக்கொள். நீ நூறு வயசு நல்ல உடம்போடு, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, எங்கள் கண் குளிர இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பூலாம்பாடி சித்தி வீட்டிலோ வேறு யாரோ உன்னைக் கூப்பிட்டு அம்மாவுக்கு என்னவாம் என்று விசாரிப்பார்கள். தலைசுற்றல் என்று சொல்லிவிடாதே. ஸ்ட்ரோக் வந்தது, பிரசவம் பார்க்கும்போது வந்தது, பிழைத்துக்கொண்டார் என்று முழுசாகச் சொல்.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
இ. வெற்றிச்செல்வி